நடுமேசைக்கு மேல் ஒரு கொக்கி

விடுதிக்காரர் என்ற பட்டப்பெயரை நம்பி, அறை காலியா என்று கேட்டு வந்து நின்றவர்கள் உண்டு. வந்தவர்களுக்குச் சிரிப்பு, அவருக்கு எரிச்சல். அறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. நீளமாக ஒரு கண்ணாடிக் கூடம், உள்ளே மூன்று மேசைகள், மேசை நிறைய அடுத்தவர் வீட்டு ஜெரேனியம். அவ்வளவுதான் விடுதி.

ஜெரேனியத்தின் குணம் அப்படி. கோடை முழுக்க ஜன்னலிலும் பால்கனியிலும் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துத் தள்ளும். உறைபனி ஒரே ஒரு ராத்திரி பட்டால் போதும், வெந்த கீரை மாதிரித் தொங்கிவிடும். சரி, வீட்டுக்குள் தூக்கி வைப்போம் என்றால் வீடு சூடு. சூட்டில் அது தூங்காது. வெளுத்துப்போய் நெடுநெடுவென்று வளர்ந்து, பூக்கவேண்டிய காலத்தில் திருதிருவென்று முழிக்கும். அதற்கு வேண்டியதெல்லாம் குளிர்ந்த, வெளிச்சமான, யாரும் வந்து தொந்தரவு பண்ணாத ஓர் இடம். யாருக்குத்தான் வேண்டாம்! கிடைக்கவேண்டுமே.

அந்த இடத்தைத்தான் அவர் வைத்திருந்தார். இலையுதிர்காலக் கடைசியில் ஜனங்கள் தங்கள் ஜன்னல் பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவர் ஒவ்வொரு செடியையும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, காய்ந்த இலையெல்லாம் கிள்ளி, பெட்டியில் பெயர் எழுதி வரிசையாக வைப்பார். குளிர்காலம் முழுக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாய்த் தண்ணீர். உறைபனி ஓய்ந்ததும் துளிர்த்த செடியை வாங்கிக்கொண்டு போவார்கள். இருபத்தெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. இந்த வருஷம் இருநூற்றுப் பதினான்கு பெட்டிகள்.

சட்டதிட்டம் என்று வந்துவிட்டால் மனிதர் பொல்லாதவர். ஒரு செடியை வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டில் முக்காமல் அடுத்த செடிமேல் வைக்கமாட்டார். புதிதாக வருகிற எந்தச் செடியானாலும் பக்கத்துக் கொட்டகையில் தனியாக மூன்று வாரம் கிடக்கவேண்டும். மேசைக்கு மேலே எதையும் தொங்கவிடக்கூடாது; மேலே இருப்பதில் என்ன வியாதி இருந்தாலும் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும்.

"பொண்ணு குடுக்கற வீட்டுல மாப்பிள்ளையைக்கூட இந்த அளவுக்குத் தோண்டித் துருவ மாட்டாங்க" என்பாள் மனைவி.

"மாப்பிள்ளை ஒருத்தன்தான். இங்க இருநூத்திச் சொச்சம்" என்பார் அவர்.

இப்படிப்பட்ட மனிதர்தான் தன் கையாலேயே தன் கூடத்தைக் கெடுத்துக்கொண்டார். யாருக்காக? அக்காவுக்காக.

அக்காவுக்கும் அவருக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது. அக்கா மகளின் கல்யாணத்தன்று காலையில்தானா கூடத்தின் ஹீட்டர் செத்துத் தொலையவேண்டும்! வெளியே தண்ணீர்க் குழாய் வெடிக்கிற குளிர். "ஒரு மணி நேரத்துல வந்துடறேன்க்கா" என்று போனில் சொன்னவர், மண்ணெண்ணெய் அடுப்புகளைக் கொளுத்தி, அக்கம்பக்கத்தில் போர்வை கடன் வாங்கி, மேசை மேசையாகப் போர்த்திவிட்டு நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செடிகள் பிழைத்துக்கொண்டன. கல்யாணம் தாய்மாமன் இல்லாமல் நடந்து முடிந்தது. அவளுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருத்தன். அவனும் வரவில்லை என்றால் அவள் யாரிடம் என்ன சொல்லிச் சமாளித்திருப்பாள்? மறுநாள் போனில் ஒரே வார்த்தைதான். "உனக்குச் செடிதான் சொந்தம். நல்லா இரு." வைத்துவிட்டாள். அவர் எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார். ஒருதடவைகூட எடுக்கவில்லை.

அந்த அக்கா போன இலையுதிர்காலத்தில் ஒருநாள் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு தொங்குதொட்டி. அதில் கொடி ஜெரேனியம், பளபளவென்ற இலையோடு அவள் முழங்கால் வரை வழிந்துகொண்டிருந்தது.

"என்னடா வழியை அடைச்சிக்கிட்டு நிக்கற? இதுக்கு உன் விடுதில இடம் இருக்கா, இல்லையா?"

"அக்கா" என்றார் அவர்.

"பால்கனில விட்டா செத்துடும். வீட்டுக்குள்ள வெச்சா வெளுத்துடும். எங்க குடுக்கறதுன்னு யோசிச்சேன். யோசிக்க என்ன இருக்கு, கூடப்பிறந்தவன் ஒருத்தன் இருக்கானேன்னு வந்துட்டேன்."

அவர் இரண்டு கையாலும் தொட்டியை வாங்கிக்கொண்டார். கால் பழக்கத்தில் பக்கத்துக் கொட்டகைப் பக்கம் திரும்பியது.

"அங்கயா வெக்கப் போற? இருட்டா இருக்கே."

"மூணு வாரம்தான்க்கா. புதுசா வர்ற எல்லாத்தையும் அப்படித்தான்..."

"ஓஹோ. அக்கா செடியும் வாசல்ல நின்னு உத்தரவு வாங்கிட்டுத்தான் உள்ள வரணுமாக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் உதடு லேசாக நடுங்கியதை அவர் பார்த்துவிட்டார். ஆறு வருஷம் கழித்துப் படியேறி வந்தவளை மறுபடியும் செடியைக் காட்டி நிறுத்துவதா? கல்நெஞ்சக்காரனாலும் முடியாது. அவர் நேராகக் கூடத்துக்குள் நடந்தார். மூன்று மேசையிலும் ஒரு கை வைக்க இடமில்லை. நடுமேசைக்கு மேலே உத்தரத்தில் ஒரு கொக்கி இருந்தது, எப்போதோ வெயில் மறைக்கும் துணி கட்டுவதற்காக அடித்தது. எக்கி அதில் மாட்டினார். தண்ணீர் ஊற்றினால் நாலு சொட்டு கீழே விழும்தான். விழட்டுமே, தண்ணீர்தானே!

"இங்க நல்ல வெளிச்சம்" என்றார்.

"இப்பதான்டா நீ என் தம்பி" என்றாள் அக்கா.

அந்தக் குளிர்காலம் அவருக்குக் குளிர்காலமாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா போன் பண்ணுவாள். "என் பொண்ணு எப்படி இருக்கா?" என்று செடியைக் கேட்டு ஆரம்பிப்பாள். அப்புறம் அவளுடைய முட்டிவலி, மருமகனின் குறட்டை, பேத்திக்கு முளைத்த பல், எல்லாம் வரும். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டே தொங்குதொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். "அக்கா தம்பி பேச்சுல எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வெக்கறது" என்று மனைவி இடிப்பாள். அவருக்கு அது காதில் விழுந்தால்தானே.

வெயில் தலைகாட்டத் தொடங்கியபோது வந்தது வினை. நடுமேசையில் ஒரு பெட்டி. புதிதாகத் துளிர்த்த இலையின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு முக்கோணம், வட்டக் கேக்கில் வெட்டிய துண்டு மாதிரி. தண்ணீர் அதிகமாகியிருக்கும் என்று நினைத்து நிறுத்திப் பார்த்தார். நாலாம் நாள் தண்டு கறுத்தது. அதற்குள் பக்கத்தில் ஏழு பெட்டிகளுக்கு மஞ்சள் ஏறியிருந்தது. கறுத்த கிளையை வெட்டினார், கண்ணாடியைத் திறந்து காற்று விட்டார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாகப் பார்த்தார். ஏழு முப்பதாயிற்று, முப்பது அறுபதாயிற்று. நேற்று நன்றாக நின்றது இன்று காலை தலை சாய்ந்திருக்கும். அவர் பார்க்கப் பார்க்கவே போய்க்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் ஜனங்கள் பெட்டியைக் கேட்டு வரப்போகிறார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

கடைசியில் செடிநோய் ஆபீசுக்குப் போன் பண்ணினார். அங்கிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். சின்ன உருவம், பெரிய பூட்ஸ். சுற்றிவளைத்துப் பேசத் தெரியாத மனுஷி. நடுமேசையின் தலைமாட்டில் நின்று செத்த பெட்டிகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். செத்ததெல்லாம் ஒரு வட்டமாக இருந்தது. வட்டத்தின் நடுவைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக அண்ணாந்தார்.

"இது யாருது?"

"சொந்தக்காரங்களோடது" என்றார் விடுதிக்காரர்.

"அதுக்குத்தான் ஒரு குறையும் இல்லையே டாக்டரம்மா, தளதளன்னு இருக்கே" என்றாள் மனைவி.

"அதான் எனக்குப் பயமா இருக்கு. இந்தக் கொடி ஜாதி நோயை உடம்புல வெச்சுக்கிட்டே வெளிய காட்டாது. குளிர்ல அந்த பாக்டீரியாவும் சும்மா கிடக்கும். வெயில் வந்ததும் எழுந்திருக்கும்." ஓர் இலையைக் கத்தரித்து உறையில் போட்டுக்கொண்டார். "மேல எதையும் தொங்க விடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாததா?"

தெரியாததா! அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை போனில் முடிவு வந்தது. தொங்குதொட்டிதான். அதற்கு மருந்து உலகத்தில் எங்குமே இல்லை. நோய் வந்தது, வராதது என்று பார்க்காமல் கூடத்தில் இருக்கிற அத்தனையையும் மண்ணோடு பையில் கட்டி அழிக்கவேண்டும். புதன்கிழமை டாக்டரம்மாவே நேரில் வந்து நிற்பார்.

"ஒரு மேசையையாவது விடக்கூடாதா? அந்தக் கடைசி மேசைல ஒண்ணுக்கும் ஒண்ணுமில்லையே" என்று கேட்டார். குரல் அவருக்கே பிச்சைக்காரன் குரலாகக் கேட்டது.

"விட்டா அது வீடு வீடாப் போகுமே ஐயா. நீங்களே சொல்லுங்க, விடலாமா?"

அவர் போனை வைத்தார்.

அன்று சாயங்காலமே தையல்காரம்மா வந்தாள். மூன்றாம் மாடியில் குடியிருப்பவள், இரண்டு பெட்டிக்காரி. ஆஸ்பத்திரியில் இருக்கிற பிள்ளையைப் பார்க்கப் போவதுபோல் வாராவாரம் வந்து தன் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவள். அவர் வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னார்.

"என்னோடது ரெண்டும் கடைசி மேசைல தானேண்ணா இருக்கு?"

"எல்லாமே போகணுமாம்மா."

"யார் செடிலேர்ந்துண்ணா வந்துச்சு? அந்தப் புண்ணியவதி யாருன்னு சொல்லுங்க, நான் போய் நாலு கேள்வி கேக்கறேன்."

"என் தப்பும்மா."

"நீங்க ஏன் பண்ணப்போறீங்க? யாரோ கொண்டாந்து வெச்சதுதானே?"

"என் தப்புதாம்மா" என்றார் மறுபடியும். அதையே எத்தனை தடவை கேட்டாலும் அவரிடமிருந்து வேறு பதில் வந்திருக்காது. தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

உள்ளே வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "அக்காகிட்ட மூச்சு விடாத."

"செடி சாகுதுன்னு போன வாரமே அண்ணிகிட்ட சொல்லிட்டேனே."

"எதனாலன்னு?"

"அப்ப நமக்கே தெரியாதேங்க."

அக்காவிடம் அவர்தான் சொல்லவேண்டும், இதமாக, பதமாக. எப்படிச் சொல்வது? 'உன் செடியாலதான்' என்று எந்த வார்த்தையில் சுற்றிக் கொடுத்தாலும் உள்ளே இருப்பது அதுதானே! ஆறு வருஷம் கழித்துச் சமாதானத்துக்கென்று அவள் ஆசையாகக் கொண்டுவந்தது. அதுவே குடியைக் கெடுத்தது என்று சொன்னால் அவள் இன்னொருமுறை படியேறுவாளா? அன்றைக்குச் செடிக்காக அக்காவை விட்டார். இந்தத் தடவை அக்காவுக்காகச் செடியை விட்டார். இப்போது பார்த்தால் இரண்டும் கைநழுவுகிறது. மனிதர் அன்று சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை அக்காவே போன் பண்ணினாள்.

"என்னடா, இன்னும் சாகுதா? என் பொண்ணு எப்படி இருக்கா?"

"அது நல்லாதான் இருக்குக்கா." பொய்யில்லை. அந்த மொத்தக் கூடத்திலும் நன்றாக இருந்தது அது ஒன்றுதான்.

"அப்பாடா! அப்ப நீ கவலையை விடு. நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். நாளைக்கு நேர்ல வரேன்."

"நாளைக்கு வேணாம்க்கா, நாளைக்கு..."

"நீ சும்மா இரு. கஷ்டத்துல வராதவ என்ன அக்கா?" என்று வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டுக்குப் போயிருப்பாளோ என்னவோ, யாரும் எடுக்கவில்லை. ராத்திரி கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கோழைத்தனம், வேறென்ன.

புதன்கிழமை காலையிலேயே டாக்டரம்மா வந்துவிட்டார். கூடத்து வாசலில் அகலமான ஒரு தட்டை வைத்து மருந்துத் தண்ணீர் ஊற்றினார். உள்ளே வந்தவர் யாராக இருந்தாலும் வெளியே கால் வைக்குமுன் அந்தத் தட்டில் இரண்டு நிமிஷம் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் செருப்பில் ஒட்டிய மண்ணோடு வியாதியும் தெருவுக்குப் போய்விடும். விடுதிக்காரரும் மனைவியும் கையுறை மாட்டிக்கொண்டு மஞ்சள் பைகளில் பெட்டிகளைக் கொட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் அவர் கையெழுத்தில் ஒரு பெயர். முதல் மேசை முடிந்தது. நடுமேசை பாதி முடிந்தது. தொங்குதொட்டியை மட்டும் அவர் தொடவில்லை, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தார்.

பதினோரு மணி பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். இரண்டு கையிலும் இரண்டு பழக்கூடை. அவர் கையில் செடியும் மண்ணுமாக இருந்தது, அவர் நிமிர்வதற்குள் அவள் தட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள்.

"இதப் பாருடா!"

கூடைகளுக்குள் பிளாஸ்டிக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கொடி ஜெரேனியக் கன்று, பளபளவென்று நாலைந்து இலை. ஒன்றில் மொட்டுகூட விட்டிருந்தது.

"இங்க கொண்டாந்து விடறதுக்கு முன்னாடி என் பொண்ணுகிட்டேர்ந்து சும்மா கிள்ளி வெச்சேன். ஒண்ணுகூடப் பழுதில்ல. முப்பத்திரெண்டு! சமையலறை ஜன்னல் பூராவும் இதான், டீ போடக்கூட இடமில்ல எனக்கு. உன்கிட்ட பெட்டி குடுத்தவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு குடு. பத்தலைன்னா அதோ தொங்கறாளே, அவகிட்டேர்ந்து இன்னும் எத்தனை வேணா கிள்ளலாம். உன் பேர் கெட விட்டுடுவேனாடா நான்?"

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சேலை முழுக்க மண். அவர் அவளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனைவி பையின் வாயைத் திறந்து பிடித்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் வெளிய வாயேன், சொல்றேன்" என்றார்.

அதற்குள் டாக்டரம்மா ஸ்டூலில் ஏறித் தொங்குதொட்டியைக் கழற்றிவிட்டார்.

"அதை ஏம்மா எடுக்கறீங்க? அது நல்லா இருக்கு!" என்று அக்கா பதறினாள்.

"அதுலேர்ந்துதாம்மா எல்லாத்துக்கும் வந்துச்சு" என்றார் டாக்டரம்மா. பாவம், அவருக்கு இவள் யாரென்று என்ன தெரியும்? கேட்டதற்குப் பதில் சொன்னார். "பாக்க நல்லாதான் இருக்கும். மேலேர்ந்து சொட்டிச் சொட்டி அத்தனையையும் முடிச்சிருச்சு."

அக்கா காலியான மேசையைப் பார்த்தாள். ஈரத்தில் வட்டமாகக் கறை படிந்திருந்தது. கொக்கியைப் பார்த்தாள். அதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டுமா என்ன.

"அப்ப இந்த ஒண்ணு உள்ள வராம இருந்திருந்தா?"

"ஒண்ணுமே ஆகியிருக்காதும்மா. இந்நேரம் எல்லாம் துளிர்த்து வீட்டுக்குப் போற மாதிரி இருந்திருக்கும்."

அக்கா தம்பி பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடா?"

"திங்கக்கிழமைதான்க்கா தெரிஞ்சுது."

"நேத்து போன்ல நல்லா இருக்குன்ன."

"நல்லாதான் இருந்துச்சுக்கா" என்றார். அதைவிடக் கேவலமாக ஒரு பதிலை அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை.

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. ஆறு வருஷக் கோபத்தோடு குடித்தனம் பண்ணிப் பழகியவர், அதைத் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் குனிந்து கூடையைப் பையின் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இதையும் போடணும் இல்லம்மா?"

"இதே செடிலேர்ந்து எடுத்ததுன்னா, ஆமாம்மா. கோப்பையோட போட்டுடுங்க."

அவர் குனிந்தார். "விடுக்கா, நான் போடறேன்."

"நீ தொடாத. நான் கொண்டாந்தது."

ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அவசரப்படவில்லை. மொட்டு விட்டதையும் மற்றதைப் போலவே போட்டாள். முப்பத்திரெண்டும் முடிந்ததும் காலிக் கூடைகளையும் உள்ளே தள்ளினாள்.

"அண்ணி, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள் மனைவி, அழுகைக் குரலில்.

"வேணாம்மா. நான் வந்து எதையாவது தொட, அது வேற ஒண்ணு ஆக... உங்க வீட்டுலயாவது எல்லாம் நல்லா இருக்கட்டும்."

குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிச் சொன்னாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, வெளிய போறதுக்கு முன்னாடி அந்தத் தட்டுல ரெண்டு நிமிஷம் நில்லுங்க" என்றார் டாக்டரம்மா.

அக்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொன்னபடி தட்டில் ஏறி நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்துக்கொண்டு. இரண்டு முழு நிமிஷம். அவர் நாலு அடி தள்ளி நின்றார். எதையாவது சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? போக விரும்பினாலும் அவள் போகமுடியாது. அவரோ வாயைத் திறந்தார், மூடினார். உன்னால் இல்லை என்று சொல்லமுடியாது, அவள் காதாலேயே கேட்டுவிட்டாள். பரவாயில்லை என்று சொல்லமுடியாது, சுற்றிலும் மஞ்சள் பைகள். இரண்டு நிமிஷமும் அப்படியே போயிற்று.

"போலாம்மா" என்றார் டாக்டரம்மா.

அக்கா இறங்கி, காலை ஒருமுறை உதறிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். வெறுங்கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

அவள் பாதித் தெரு போன பிறகுதான் அவருக்கு வார்த்தை வந்தது. நீ வந்ததுதான்க்கா எனக்குப் பெரிசு, செடி கிடக்குது. இதைச் சொல்ல இத்தனை நேரமா? கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வாசலுக்கு ஓடினார். தட்டை ஒரே தாண்டாகத் தாண்டினார்.

"ஐயா! ஐயா! என்ன பண்றீங்க? வெளிய மத்தவங்க தோட்டம் இருக்கு!"

இருபத்தெட்டு வருஷப் பழக்கம். மனசு ஓடிக்கொண்டிருந்தது, கால் நின்றுவிட்டது. அவர் திரும்பி வந்து தட்டில் ஏறினார்.

"அக்கா!" என்று அங்கிருந்தே கத்தினார். அவள் திரும்பவில்லை. தெருமுனையில் பஸ் சத்தம், கேட்டிருக்காது. கேட்டிருந்தால் திரும்பியிருப்பாளோ, யார் கண்டது.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"இப்பதானே ஏறினீங்க."

பஸ் வந்து நின்றது. அக்கா கம்பியைப் பிடித்து, வலிக்கிற முட்டியைத் தூக்கி வைத்து ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறைந்தபோது அவர் கால் இன்னும் மருந்துத் தண்ணீரில்தான் இருந்தது.